காலை 7 மணி, வீட்டு நேரம்

பிப்ரவரி 26, புதன்: புறப்படும் முன்

இன்றிரவு புறப்படுகிறேன். சிங்கப்பூர், டோக்கியோ, ஆக்லாந்து, ஆப்பியா, பாகோ பாகோ, ஹொனலுலு, நியூயார்க், லண்டன் என்று கிழக்கு நோக்கியே சென்று, பூமியை ஒரு முறை சுற்றி, மார்ச் 17ஆம் தேதி மேற்கிலிருந்து வீடு வந்து சேர்வதாகத் திட்டம். பணி நிமித்தமான சந்திப்புகள் ஆக்லாந்திலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் மட்டுமே இருக்கின்றன. மற்ற ஊர்கள் வழியில் நானாகச் சேர்த்துக்கொண்டவை. பெட்டியை அடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அம்மாவை எந்த நாளில் எத்தனை மணிக்கு அழைப்பது என்பதை எழுதி முடிக்கத்தான் இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின.

இதற்கு ஒரு காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிநாடு சென்றிருந்தபோது, எனக்கு மாலை ஓய்வு கிடைத்ததே என்று கணக்குப் பார்க்காமல் வீட்டுக்கு அழைத்துவிட்டேன். அங்கே அப்போது பின்னிரவு 3 மணி. அந்த வேளையில் மணி அடித்தால் அது துக்கச் செய்தியாகத்தான் இருக்கும் என்று பதறி எழுந்த அம்மா, இருட்டில் கட்டில் முனையில் முழங்காலை இடித்துக்கொண்டார். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், "நீ நல்லா இருக்கேல்ல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே இந்த முறை, அழைப்பு நேரத்தை அம்மாவின் கடிகாரத்தில்தான் குறிப்பது, அதை என் ஊர் நேரத்துக்கு மாற்றும் வேலை முழுவதும் என்னுடையது என்று முடிவு செய்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே ஓடுகிறது. போகும் ஊர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அம்மா விழித்திருக்கும் காலை 5 முதல் இரவு 9 வரையிலான பொழுது அந்தந்த ஊரில் எங்கே விழுகிறது என்று கோடிட்டுப் பார்த்தேன். எட்டு ஊர்களுக்கும் எட்டு வெவ்வேறு நேரங்கள் வேண்டியிருக்கும் என்று எண்ணியிருந்த எனக்கு, இரண்டே நேரங்கள் போதும் என்பது பெரிய நிம்மதியைத் தந்தது. வீட்டில் இரவு 8 மணி என்பது சிங்கப்பூரில் 10:30, டோக்கியோவில் 11:30, லண்டனில் பிற்பகல் 2:30. வீட்டில் காலை 7 மணி என்பது ஆக்லாந்திலும் ஆப்பியாவிலும் பிற்பகல் 2:30, ஹொனலுலுவில் 3:30, நியூயார்க்கில் இரவு 8:30. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இரவு 8. பசிபிக்குக்கும் அமெரிக்காவுக்கும் காலை 7. அம்மா மாற்றிக்கொள்ள வேண்டியது இரண்டே முறைதான். நாட்காட்டியில் அவற்றைக் குறித்துக் கொடுத்தேன். ஒவ்வோர் அழைப்பும் முடிந்ததும் அந்தத் தேதிக் கட்டத்தில் ஒரு கோடு போடுவதாக அம்மா சொன்னார்.

பிப்ரவரி 27, வியாழன்: சிங்கப்பூர்

காலை 7 மணிக்கும் விமான நிலையத்துக்கு வெளியே இருட்டாகவே இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமம் என்பதால், விடியல் தாமதமாவதற்குப் பருவம் காரணமாக முடியாது. சிங்கப்பூர் ஏறக்குறைய 104 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டில் இருக்கிறது. 15 பாகைக்கு ஒரு மணி என்ற கணக்கில் அதன் இயல்பான நேரம் கிரீன்விச்சைவிட 7 மணி முன்னே இருக்க வேண்டும்; கடிகாரமோ 8 மணி முன்னே ஓடுகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா அரை மணி முன்னே நகர்ந்தபோது சிங்கப்பூரும் உடன் நகர்ந்தது. வரைபடத்தில் நேர்கோடுகளாகப் பிரித்துப் பார்த்து நேரத்தை ஊகிப்பது எவ்வளவு தவறாகும் என்பதற்கு இந்த ஓர் ஊரே போதும். நேரத்தை அரசுகள் முடிவு செய்கின்றன. சூரியன் ஓர் ஆலோசனை மட்டுமே சொல்கிறது.

இரவு 10:30க்கு அம்மாவை அழைத்தேன். முதல் கோடு விழுந்தது.

மார்ச் 1, சனி: டோக்கியோ

நேற்று வந்து சேர்ந்தேன். ஜப்பான் முழுவதற்கும் ஒரே நேரம். 135 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டு கிரீன்விச்சைவிட 9 மணி முன்னே ஓடும் நேரம். அந்தக் கோட்டுக்கும் கிழக்கே டோக்கியோ இருப்பதால், சிங்கப்பூரில் நான் கண்டதற்கு நேர்மாறாக, இங்கே விடியலும் அந்தியும் கடிகாரத்தை முந்திக்கொள்கின்றன. மாலை 6 மணிக்குள் தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

இங்கே இரண்டு இரவுகள் தங்குவது ஊர் பார்ப்பதற்காக மட்டும் அன்று. ஆக்லாந்து வீட்டைவிட 7 மணி 30 நிமிடம் முன்னே இருக்கிறது. அத்தனையையும் ஒரே தாவலில் கடக்க உடல் ஒப்பாது என்பதால் பயணத்தை இரண்டாக உடைத்தேன். நம் மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில், கண்ணிலிருந்து வரும் ஒளிச்செய்தியைப் பெறும் ஒரு சிறு நரம்பணுத் தொகுதி உடலின் தாய்க்கடிகாரமாக இருக்கிறது. பெரும்பாலோரிடம் அந்தக் கடிகாரத்தின் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. அதனால் பொழுதை நீட்டித் தாமதமாக உறங்குவது அதற்கு எளிது. முன்கூட்டி உறங்குவது கடினம். மேற்கே செல்லும்போது நீட்ட வேண்டும், கிழக்கே செல்லும்போது சுருக்க வேண்டும். கிழக்கு நோக்கிய பயணம் கூடுதலாக வாட்டுவது இதனால்தான். ஒரு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் அது இடம்பெயரும் என்பதால், புறப்படுவதற்கு மூன்று நாட்கள் முன்பிருந்தே சற்றுச் சீக்கிரமாகப் படுக்கத் தொடங்கியிருந்தேன்.

இரவு 11:30 அழைப்புதான் இந்தத் திட்டத்தின் பலவீனம்: சீக்கிரம் படுக்க வேண்டியவன் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் ஒளி கண்ணில் படாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, குரல் அழைப்பிலேயே பேசினேன்.

மார்ச் 3, திங்கள்: ஆக்லாந்து

நேற்று விமானம் ஏறுவதற்கு முன்பே, வீட்டில் பிற்பகலாக இருக்கும்போது, அழைத்துப் பேசிவிட்டேன். வழக்கமான இரவு 8 மணிக்கு நான் கடலுக்கு மேலே இருந்திருப்பேன். இன்று காலை 9 மணியை ஒட்டித் தரையிறங்கினோம்.

கிழக்கே நெடுந்தூரம் வருபவர்கள் அறிந்திருக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. "போய் இறங்கியதும் காலை வெயிலில் நில்" என்று எல்லாரும் அறிவுரை சொல்கிறார்கள்; அது எப்போதும் சரியன்று. வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு, மூன்று மணி முன்னதாக உடலின் வெப்பநிலை அன்றைய மிகக் குறைந்த நிலையை அடைகிறது. அதற்குப் பின் கண்ணில் படும் ஒளி உடற்கடிகாரத்தை முன்னே தள்ளும். அதற்கு முன் படும் ஒளி பின்னே தள்ளும். வீட்டில் காலை 6 மணிக்கு எழும் எனக்கு அந்தப் புள்ளி ஏறத்தாழ 3:30. வீட்டிலிருந்து நேரே இங்கு வந்திருந்தால் அது ஆக்லாந்தின் காலை 11 மணி. 8 மணி வெயிலில் நடந்திருந்தால், நான் போக வேண்டிய திசைக்கு எதிராக உடலை இழுத்திருப்பேன். முற்பகல் முழுவதும் கறுப்புக் கண்ணாடி அணிந்து நிழலில் இருப்பதே சரியாக இருந்திருக்கும். டோக்கியோவில் தங்கியதாலும் முன்னதாக உறங்கிப் பழகியதாலும் அந்தப் புள்ளி இப்போது காலை 8:30க்கு வந்திருக்கும் என்று கணக்கிட்டிருந்தேன். ஆகவே இறங்கியதும் தயங்காமல் வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தேன். இரவு 10 மணிக்கு உறக்கம் தானாக வந்தது.

பிற்பகல் 2:30க்கு முதல் "காலை 7 மணி" அழைப்பு. அம்மாவின் குரல் இரவு 8 மணிக் குரலைவிடத் தெளிவாகவும் உற்சாகமாகவும் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அவர் களைத்திருக்கும் வேளையிலேயே அழைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று இப்போதுதான் உணர்ந்தேன்.

மார்ச் 5, புதன்: ஆப்பியா, சமோவா

நான்கு மணி நேரம் வடகிழக்காகப் பறந்தும் கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. நியூசிலாந்து ஏப்ரல் மாதத்தின் முதலாவது ஞாயிறு வரை கோடைகால நேரத்தில், அதாவது கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்த நேரத்தில், இருப்பதால் இப்போது இரண்டு நாடுகளும் கிரீன்விச்சைவிட 13 மணி முன்னே இருக்கின்றன. ஆனால் என் பையிலிருந்த பழைய கைக்கணினி, ஊர் ஆப்பியா என்று சரியாகக் கண்டுகொண்டும், உள்ளூர் நேரத்தைவிட ஒரு மணி கூடுதலாகக் காட்டியது. சமோவா 2021இல் கோடைகால நேரத்தைக் கைவிட்டது. கைபேசியும் கணினியும் நேர மண்டல விதிகளைப் பட்டியலாகத் தமக்குள் வைத்திருக்கின்றன. பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத என் கருவி, இல்லாமற்போன ஒரு விதியை இன்னும் பின்பற்றிக்கொண்டிருந்தது. கருவி தானாகவே திருத்திக்கொள்ளும் என்று நம்பி விமானத்தைத் தவறவிடுவது இப்படித்தான் நேரும். வந்து சேரும் ஊரில் யாரேனும் ஒருவரிடம் மணி கேட்பதை இனி நான் விடமாட்டேன்.

இந்தத் தீவுகளுக்கு நேரத்துடனான உறவு நீண்டது. 1892இல் அமெரிக்காவுடனான வணிகத்துக்கு ஏற்ப ஜூலை 4ஆம் தேதியை இரண்டு முறை கொண்டாடி, பசிபிக் கடலில் ஒரு நாள் முடிந்து இன்னொரு நாள் தொடங்கும் கற்பனைக் கோடான தேதிக் கோட்டின் கிழக்குப் பக்கத்துக்குச் சென்றார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பின் வணிகம் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுடனும் நியூசிலாந்துடனும் என்று ஆனது. இங்கே வெள்ளி என்றால் அங்கே சனி, இங்கே ஞாயிறு என்றால் அங்கே திங்கள். வாரத்தில் இரண்டு வேலை நாட்கள் இப்படி வீணாயின. ஆகவே 2011இல் டிசம்பர் 29ஆம் தேதி வியாழன் இரவு உறங்கியவர்கள் 31ஆம் தேதி சனிக்கிழமை எழுந்தார்கள். அந்த ஆண்டின் டிசம்பர் 30 சமோவாவில் நிகழவே இல்லை.

மார்ச் 6, வியாழன்: ஆப்பியா

கடல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பகல் 2:30க்கு அம்மாவை அழைத்தேன், வீட்டிலும் வியாழன்.

மார்ச் 6, வியாழன், மீண்டும்: பாகோ பாகோ, அமெரிக்கச் சமோவா

தலைப்பில் பிழை இல்லை. வெள்ளிக்கிழமை, மார்ச் 7, காலை 9:10க்கு ஆப்பியாவிலிருந்து சிறிய விமானம் ஒன்றில் ஏறினேன். அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து, வியாழக்கிழமை, மார்ச் 6, காலை 9:45க்கு இறங்கினேன். 2011இல் சமோவா மாறியபோது அமெரிக்கச் சமோவா இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. ஒரே மொழி பேசும், உறவினர்களைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு தீவுக் கூட்டங்களின் கடிகாரங்கள் ஒரே மணியைக் காட்டுகின்றன. தேதி மட்டும் வேறு. ஆப்பியாவிலிருக்கும் அக்காளைப் பிறந்தநாளன்று வாழ்த்த இங்கிருக்கும் தம்பி அதற்கு முந்தைய நாளே அழைக்க வேண்டும்.

தேதிக் கோட்டை நள்ளிரவு விமானத்தில் உறங்கியபடி கடந்துவிடக் கூடாது, பகலில், கண் திறந்திருக்கும்போது கடக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணால் காண எதுவும் இல்லை. கடல் அதே நீலத்தில்தான் இருந்தது. ஆனால் இறங்கியதும் குறிப்பேட்டைத் திறந்து தேதி எழுதப் போன கை ஒரு கணம் நின்றது.

பிற்பகல் 2:30க்கு அம்மாவை அழைத்தேன். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, உனக்கு என்ன கிழமை?" என்று கேட்டார். வியாழன் என்றேன். "நேத்தும் வியாழன்னுதானே சொன்னே?" என்றார். நேற்றும் பிற்பகல் 2:30, இன்றும் பிற்பகல் 2:30. நேற்றும் வியாழன், இன்றும் வியாழன். அவருக்கு மட்டும் கிழமை ஒன்று நகர்ந்திருக்கிறது. இனி நியூயார்க்கை விட்டுக் கிளம்பும் வரை அவருடைய காலை 7 மணி எனக்கு முந்தைய நாளில் விழும். அழைப்பு நேரத்தைச் சொல்லும்போது மணியுடன் கிழமையையும் தேதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதை இதைவிட நன்றாக எதுவும் எனக்குக் கற்பித்திருக்க முடியாது.

உலகில் எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு தேதிகள் நடப்பில் இருக்கின்றன என்பது போன்ற ஓர் எண்ணம் எனக்கு இருந்தது. இன்று கணக்கிட்டுப் பார்த்தால், சில வேளைகளில் அது மூன்றாகிறது. கிரீன்விச்சில் காலை 10 முதல் 11 வரை பாகோ பாகோவில் முந்தைய நாளின் கடைசி மணி. அதே வேளையில், கிரீன்விச்சைவிட 14 மணி முன்னிருக்கும் கிரிபாட்டி நாட்டின் கிரிட்டிமாட்டித் தீவில் அடுத்த நாளின் முதல் மணி.

மார்ச் 7, வெள்ளி: ஹொனலுலு

நேற்றிரவு ஏறி இன்று விடியலில் வந்து சேர்ந்தேன். ஆப்பியாவில் ஒரு முறை, இங்கே ஒரு முறை என வெள்ளிக்கிழமை விடியலை இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. ஹவாயில் கோடைகால நேரம் கிடையாது. கிரிட்டிமாட்டியும் ஹொனலுலுவும் ஆண்டு முழுவதும் ஒரே மணியைக் காட்டுகின்றன, ஒரு முழு நாள் வேறுபாட்டுடன். களைப்பாக இருக்கிறது, அதிகம் எழுத முடியவில்லை.

மார்ச் 10, திங்கள்: நியூயார்க்

சனிக்கிழமை பிற்பகல் 3:30க்கு விமான நிலையத்திலிருந்தே அம்மாவிடம் பேசிவிட்டு ஏறினேன். புறப்பட்டபோது ஹொனலுலுவுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி வேறுபாடு. இறங்கியபோது 6 மணி. மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பின்னிரவு 2 மணிக்கு அமெரிக்காவின் பெரும்பகுதி கடிகாரத்தை 3 மணிக்கு நகர்த்துகிறது. அந்த நகர்வு நடந்தபோது நான் ஆகாயத்தில் இருந்தேன். புறப்படும் முன் நான் எழுதிக் கொண்டுவந்த "நியூயார்க், இரவு 8:30" என்ற குறிப்பை 9:30 என்று திருத்தினேன். அம்மா எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. அவருக்குக் காலை 7 அப்படியே இருக்கிறது.

இன்றைய கூட்டத்தில் அந்த ஒரு மணி நேரம் சேதம் விளைவித்தது. பல வாரங்களுக்கு முன் அனுப்பப்பட்ட அறிவிப்பில் "காலை 9, இஎஸ்டி, லண்டனில் பிற்பகல் 2" என்று இருந்தது. இஎஸ்டி என்பது குளிர்கால நேரத்தின் பெயர். நேற்றிலிருந்து இங்கே நடப்பது கோடைகால நேரமான இடிடி. ஐரோப்பா தன் கடிகாரத்தை மார்ச் கடைசி ஞாயிறு, 30ஆம் தேதிதான் நகர்த்தும். இடைப்பட்ட மூன்று வாரங்களுக்கு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணிக்குப் பதில் 4 மணிதான் வேறுபாடு. இங்கே 9 அடித்தபோது லண்டனில் பிற்பகல் 1. அறிவிப்பை நம்பிய இருவரும் பிற்பகல் 2 மணிக்கு வந்தார்கள். அதற்குள் முக்கியமான முடிவுகள் எடுக்கப்பட்டுவிட்டன. அவர்கள் சொல்ல வேண்டியது கேட்கப்படாமலே போனது என்பது எனக்கு வருத்தம். சுருக்கெழுத்துகளை எழுதுவதை நிறுத்த வேண்டும். ஐஎஸ்டி என்றால் இந்தியாவும் ஆகலாம், இஸ்ரேலும் ஆகலாம், அயர்லாந்தும் ஆகலாம். சிஎஸ்டி என்றால் சிகாகோவும் ஆகலாம், சீனாவும் ஆகலாம். "நியூயார்க் நேரம் காலை 9" என்று நகரத்தின் பெயரை எழுதிவிட்டால் எந்த ஐயமும் எழாது.

இன்னொன்றையும் கூட்டத்தில் பேசினேன். இங்கே காலை 9 என்பது ஆக்லாந்தில் செவ்வாய் பின்னிரவு 2. நான் சென்ற வாரம் சந்தித்த சக பணியாளர் ஒருவர் ஒவ்வொரு மாதமும் அந்த வேளையில் அலாரம் வைத்து எழுந்து, உறங்கும் குழந்தை விழிக்காதபடி தாழ்ந்த குரலில் பேசுகிறார். நேரில் சென்று பார்க்கும் வரை அது எனக்குத் தெரியாது; அவரும் சொன்னதில்லை. மூன்று நகரங்களுக்கும் பொருந்தும் வேலை நேரம் என்று ஒன்று இல்லை. ஆனால் ஒரே ஆள் எப்போதும் இரவைக் கொடுக்க வேண்டியதும் இல்லை. ஒரு மாதம் காலை 9 என்றால் அடுத்த மாதம் நியூயார்க் மாலை 4 என்று முறை வைத்துக்கொள்ளலாம் என்றேன்: இப்போதைய கணக்கில் அது லண்டனில் இரவு 8, ஆக்லாந்தில் மறுநாள் காலை 9. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பயணத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுவே என்று நினைக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி: லண்டன்

நேற்றிரவு 9:30க்கு நியூயார்க் விமான நிலையத்திலிருந்து கடைசிக் "காலை 7 மணி" அழைப்பு. வீட்டில் அப்போது வெள்ளிக்கிழமை. இன்று இங்கும் வெள்ளி. ஆனால் வெள்ளிக்குரிய பேச்சு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இன்று அழைப்பு இல்லாத நாள். நாளையிலிருந்து மீண்டும் இரவு 8.

மார்ச் 15, சனி: கிரீன்விச்

1884இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி, 22 ஆதரவாகவும் ஒன்று எதிராகவும் வாக்களிக்க, இரண்டு நடுநிலை வகிக்க, இந்த வானாய்வகத்தின் வழியே செல்லும் நெடுங்கோட்டைப் பூச்சியமாகத் தேர்ந்தெடுத்தன. இந்த மூன்று வாரங்களாக நான் கூட்டிக் கழித்த எண்கள் எல்லாம் இங்கிருந்து தொடங்குபவை. தரையில் பதித்த கோட்டில் நின்று கைபேசியைப் பார்த்தால் அது பூச்சியம் என்று காட்டுவதில்லை. செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் கோடு இதற்கு 102 மீட்டர் கிழக்கே, எந்த அடையாளமும் இல்லாமல், பூங்காவின் குறுக்கே செல்கிறது.

கூரைமேல் இருக்கும் சிவப்புப் பந்து 1833 முதல் நாள்தோறும் பிற்பகல் 1 மணிக்கு விழுகிறது. 12:55க்குப் பாதி உயரம், 12:58க்கு உச்சி, 1 மணிக்கு வீழ்ச்சி. தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களின் மாலுமிகள் இதைப் பார்த்துத் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டு, தொலைதூரக் கடல்களில் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அந்தக் கடிகாரத்தை வைத்தே அறிந்தார்கள். புறப்பட்ட இடத்தின் நேரத்தை மாற்றாமல் கூடவே எடுத்துச் செல்வதுதான் அவர்களுக்கு வழிகாட்டியது. பந்து விழுந்ததும் கூட்டம் கலைந்தது. நான் ஒன்றரை மணி நேரம் புல்வெளியில் அமர்ந்திருந்து, 2:30க்கு அம்மாவை அழைத்தேன்.

மார்ச் 17, திங்கள்: வீடு

அம்மா நாட்காட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பிப்ரவரி 27 முதல் மார்ச் 16 வரை ஒரு கட்டமும் விடுபடாமல் 18 கோடுகள். என் குறிப்பேட்டில் அதே இடைவெளிக்கு 19 நாட்கள். மகெல்லனின் கப்பலில் உலகைச் சுற்றிய பிகஃபெட்டா, 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளை அடைந்தபோது, தம் நாட்குறிப்பில் புதன் என்றிருக்கக் கரையில் வியாழன் என்கிறார்களே என்று திகைத்தார். அவர் மேற்கே சென்றதால் ஒரு நாள் குறைந்திருந்தது. கிழக்கே சென்ற எனக்கு ஒரு நாள் கூடியிருக்கிறது. வீட்டில் கழிந்த 432 மணி நேரத்தை நான் 19 விடியல்களாகப் பகிர்ந்துகொண்டேன். சராசரியாக ஒரு நாளுக்கு 22 மணி 44 நிமிடம்.

"அப்போ ஒரு நாள் என்கிட்ட பேசாம இருந்திருக்கியே, அது எது?" என்று அம்மா கேட்டார். குறிப்பேட்டைத் திறந்து, மார்ச் 14, லண்டன் என்ற பக்கத்தைக் காட்டினேன்.